நீளத்தில் சேராத பைட்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மேனுவல் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்த நிறுவனத்தின் கருவிகளுக்கெல்லாம் கையேடு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அது பட்டப்பெயர் என்று தெரியாமல் ஒருமுறை கூரியர்காரர் பார்சலின் மேல் ‘திரு. மேனுவேல்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அவரும் மறுக்காமல் அதே பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிக்க ஆள் இருந்திருந்தால் அது நல்ல வேடிக்கைதான்.

மனைவி போய் எட்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. இரண்டு அடுப்பு உள்ள ஸ்டவ்வில் ஒன்றை மட்டும் பற்றவைப்பார், ஒருமுறை சமைத்ததை இரண்டு நாள் சாப்பிடுவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை வாசல் காவலாளியிடம் வணக்கம் சொல்ல வாய் திறந்தால் தொண்டை கரகரக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை முடிவெட்டும் கடைக்குப் போவார். வெட்டுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. போன தடவை விட்டதைத் தேடிப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேலி செய்வார். இருந்தாலும் தலையில் ஒரு கை படுகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நிறுவனம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பழைய கருவிகளின் வேலையும் அவரும் மட்டும் பழைய இடத்திலேயே, இரண்டாம் மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில் தங்கிப்போனார்கள். அந்த அறைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எங்கோ ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். அவர்களுடைய பழைய சோதனை இயந்திரத்தைக் கணினியோடு இணைக்க, இந்த நிறுவனம் செய்த யுஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்று அலமாரியில் கிடைத்ததாம். கையேட்டைப் பார்த்து அவரே நிரல் எழுதியிருக்கிறார். அனுப்புகிற செய்திகளில் ஒன்றுக்குக்கூட ஒழுங்காகப் பதில் வரவில்லையாம். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் செய்தியில் குறிக்கும் நீளத்தை ஒன்று குறைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதாம். உங்கள் கையேடு தப்பு என்று அந்தப் பெண் சொல்லவில்லை. நான் படித்ததில் ஏதும் பிசகா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

கட்டைவிரல் அளவுள்ள அந்த அடாப்டருக்குள் ஒரு சிப் இருக்கும், சிப்புக்குள் ஃபர்ம்வேர் என்கிற சின்ன நிரல் இருக்கும். வேகத்தை மாற்று என்றோ, நீ எத்தனையாவது பதிப்பு என்றோ அதனிடம் நினைத்தபடி கேட்க முடியாது. முதலில் தொடக்கக் குறியாக ஒரு பைட், அடுத்து கட்டளை எண், அடுத்து நீளம், அதாவது பின்னால் எத்தனை பைட் வருகிறது என்ற கணக்கு, பிறகு தரவு, கடைசியில் எல்லாம் சிதையாமல் வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு பைட். இந்த வரிசையில் வந்தால்தான் அது காது கொடுக்கும். நீளம் என்பதில் அந்தக் கடைசி பைட்டும் சேரும் என்பது மேனுவல் சார் எழுதிய கையேட்டின் ஐந்தாம் பக்கம்.

மின்னஞ்சலை இன்னொரு தடவை படித்ததும் அவருக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் கையில் இருப்பது பதினோரு வருடத்துக்கு முந்தைய அடாப்டர்.

அந்த ஃபர்ம்வேரை எழுதியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. அவர் சொல்லித்தான் அவனை வேலைக்கு எடுத்தார்கள். வீட்டு மாடியிலேயே குடியிருந்தான், மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அவன் எழுதிய ஃபர்ம்வேரோடு பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு நான்கு மாதத்துக்கான சரக்கு போனது. கையேட்டை நம்பி அவர்கள் நிரல் எழுதினார்கள். அடாப்டரோ தரவை மட்டும் எண்ணிக்கொண்டு, இன்னும் ஒரு பைட் வரும் என்று காத்திருந்து, அடுத்த செய்தியின் தலையைக் கடித்து விழுங்கியது. ஒன்றும் வேலைக்காகவில்லை என்று சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. விசாரணையில், நீளம் எண்ணும் முறையை மாற்றியது உண்மை, கையேட்டில் திருத்தச் சொல்லி அத்தானிடம் சொன்னேன் என்றான் மைத்துனன். மேலாளர் இவர் பக்கம் திரும்பினார். அவன் சொல்லவே இல்லை என்று இவர் அடித்துச் சொன்னார். சொல்லியிருந்தால் திருத்தாமல் விடுகிற ஆள் நானில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலையே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த ஆள் ஃபர்ம்வேரைக் கையேட்டுக்கு ஏற்றபடி மாற்றிவிட்டதால் கையேடு அதற்குப் பிறகு எப்போதும் சரியாகவே இருந்தது. மைத்துனன் மாடியைக் காலி செய்துகொண்டு போனான். மூன்று வருடம் கழித்து அக்காவின் காரியத்துக்கு வந்து, ஓரமாக நின்று, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

மண் பரிசோதனைப் பெண்ணுக்கு ஒழுங்கான பதில் எழுதவேண்டுமானால், ஒருவர் கையில் இருப்பது பழைய அடாப்டரா புதியதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லவேண்டும். பதிப்பு எண்ணைக் கேட்கலாம் என்றால், அதைக் கேட்கிற செய்தியிலும் நீளம் உண்டு. எந்த முறையில் எண்ணுவது என்று தெரிந்தால்தானே கேட்கவே முடியும்? பழைய அடாப்டர் ஒன்று கிடைத்தால் சோதித்துப் பார்க்கலாம் என்று அவர் கீழ்த்தளத்துச் சரக்கறையைத் திறந்து, அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

அடாப்டர் கிடைக்கவில்லை. நான்காவது பெட்டியில் அவருடைய பழைய குறிப்பு நோட்டு ஒன்று கிடைத்தது. அந்த வருடத்து நோட்டு. பக்கங்களைப் புரட்டினார். காய்கறிப் பட்டியல் ஒன்று, மனைவியின் மருந்துப் பெயர் ஒன்று, அதற்குக் கீழே பென்சிலால் அவருடைய கையெழுத்திலேயே ஒரு வரி: ‘நீளம் - தரவு மட்டும். சரிபார்ப்பு சேராது. மச்சான் சொன்னது. பக்கம் 5 திருத்தணும்.’ பக்கத்தில் தேதி. ஓரத்தில் மஞ்சளாய் ஒரு விரல் தடம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுதியது கொஞ்சம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அவ்வளவு சுத்தமாக மறந்திருந்தது. காவலாளி வந்து, என்ன சார், உடம்புக்கு முடியலையா என்று கேட்கிறவரை அங்கேயே இருந்தார்.

மைத்துனன் இருக்கும் ஊர் தெரியும், கடை இருக்கும் தெருவும் கேள்விப்பட்டிருந்தார். தொலைபேசியில் சொல்கிற விஷயமில்லை. வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, நோட்டைப் பையில் வைத்து, இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனார்.

மின்னணுத் தராசுகள் பழுதுபார்க்கும் கடை அது. தரையிலிருந்து தோள் உயரத்துக்குத் தராசுகள் அடுக்கியிருந்தன. மேசையில் சோதனை எடைக்கற்கள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நின்றன. மைத்துனனுக்குக் காதோரம் நரைத்து, கண்ணாடி வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான். வாங்க என்றான். ஸ்டூலின் மேலிருந்த தராசை எடுத்துக் கீழே வைத்தான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பையைத் திறந்தார். நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து மேசைமேல் வைத்தார். மைத்துனன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து படித்தான். ஒருமுறை படித்து முடித்த பிறகும் குனிந்தபடியே இருந்தான்.

“உங்க கையெழுத்துதான்,” என்றான்.

“நீ சொன்னது நிஜம். மறந்துட்டேன். மறந்திருக்கலாம்னு அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். நீ சொல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்.”

மைத்துனன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முன்னாலிருந்த தராசின் அடிப்பக்கத்தைக் கழற்றத் தொடங்கினான். நான்கு திருகாணிகளையும் ஒரு மூடியில் போட்டுவிட்டுத்தான் பேசினான்.

“அன்னிக்கு வீட்டுக்குப் போனப்புறமாவது நோட்டை எடுத்துப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“அக்கா பாக்கச் சொன்னாங்களா?”

“சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. எனக்குத் தெரியாதா, பாக்க வேண்டிய அவசியமே இல்லைன்னேன்.”

மைத்துனன் தராசின் அடித்தகட்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

“வேலை போனது ஒண்ணும் பெருசில்லை அத்தான். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா படுத்த படுக்கையா இருந்தப்போ ஒருநாள் போன் பண்ணி, நிஜமாவே அவர்கிட்ட சொன்னியாடான்னு கேட்டாங்க. சொன்னேன்க்கான்னேன். சரின்னு வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் பேச முடியாமப் போச்சு. என்னை நம்பினாங்களா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

அவருக்கு மனைவியின் முகம் கண்முன் வந்தது. கூடத்தில் நின்றுகொண்டு, அந்த நோட்டை ஒரு தடவை பாத்துடுங்களேன் என்று அவள் கேட்டதும், தான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காததும்.

“நம்பினா,” என்றார். “நம்பினதாலதான் என்னைப் பாக்கச் சொன்னா.”

மைத்துனன் எழுந்து கடைக்குப் பின்னால் போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கடையில் குரல் கொடுத்து இரண்டு டீ வரவழைத்தான். டீ குடிக்கும்போது, மறந்துவிட்டேன் என்றோ மன்னித்துவிட்டேன் என்றோ எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை வருடம் கழித்து ஏன் இப்போது என்று மட்டும் கேட்டான். அவர் மண் பரிசோதனைப் பெண்ணின் மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னார். பழையதையும் புதியதையும் பிரித்தறிய வழி தெரியாமல் திண்டாடுவதையும் சொன்னார். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“நீளத்தை சைபர்னு போட்டுப் பதிப்பு கேளுங்க. பதிப்பு கேக்கறதுக்குத் தரவே கிடையாது, அதனால பழசுக்கு சைபர்தான் சரி, பதில் சொல்லிடும். புதுசுல சரிபார்ப்பு பைட்டையும் எண்ணணுமே, சைபர்னா ஏத்துக்காது. பிழைன்னு திருப்பி அனுப்பும். எது வந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சுடும்.”

இருபத்தாறு வருடம் கையேடு எழுதியவருக்கு இது தோன்றவில்லை. அதை அவர் அவனிடம் சொன்னார். அவன் லேசாகத் தலையசைத்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரைக்குத்தான் என்றான். வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை.

மறுநாள் மேனுவல் சார் மேலாளரைப் போய்ப் பார்த்தார். அந்தக் காலத்து மேலாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், இவர் புதியவர். நோட்டைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, தன் மைத்துனன்மேல் போட்ட குற்றம் தவறென்று கோப்பில் சேர்க்கவேண்டும் என்றார். பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை, இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம் என்று புதியவர் அலுத்துக்கொண்டார். எனக்கு லாபமில்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று இவர் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

கையேட்டையும் திருத்தினார். ஐந்தாம் பக்கத்தில் இரண்டு எண்ணும் முறைகளையும் போட்டார், பழையதைக் கண்டுபிடிக்கும் வழியையும் போட்டார். பழைய முறை ஃபர்ம்வேரின் பிழையல்ல, கையேட்டைத் திருத்தாமல் விட்ட பிழை, விட்டவர் இந்தக் கையேட்டை எழுதியவர் என்று ஒரு பத்தி எழுதினார். கையேட்டில் இப்படியெல்லாம் எழுதும் வழக்கம் கிடையாது. அவர் பொருட்படுத்தவில்லை. மண் பரிசோதனைப் பெண்ணுக்கு ஒரு பிரதி அனுப்பினார், கடைப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொண்ட முகவரிக்கு இன்னொன்று. அந்தப் பெண் அன்றைக்கே நன்றி எழுதி, சைபர் போட்டுக் கேட்டதும் பதிப்பு எண் வந்துவிட்டது, உங்கள் அந்தப் பத்தியைக் கூடத்தில் எல்லோரும் படித்தோம் என்று சேர்த்திருந்தார்.

கடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. வீட்டில் அவர் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முடிவெட்டும் கடைக்குப் போனார். காவலாளிக்கு வணக்கம் சொன்னார்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மதியம் மைத்துனனிடமிருந்து கைப்பேசியில் இரண்டு வரி வந்தது. முன்னும் பின்னும் வேறொன்றும் இல்லை.

‘பக்கம் ஏழு, மூணாவது வரி. புதுசோட பிழைப் பதில்ல நீளம் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு.’

உடனே பதில் எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து புதிய அடாப்டர் ஒன்றை எடுத்துக் கணினியில் சொருகினார், வேண்டுமென்றே தப்பான செய்தி ஒன்றை அனுப்பினார், திரும்பி வந்த பைட்டுகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிழை எண் ஒன்று, சரிபார்ப்பு ஒன்று. இன்னொரு தடவை அனுப்பி, இன்னொரு தடவை எண்ணினார். ஏழாம் பக்கத்தைத் திறந்து, ஒன்றை அடித்து இரண்டு என்று போட்டார். அப்புறம்தான் கைப்பேசியை எடுத்தார்.

‘சோதிச்சுப் பாத்தேன். ரெண்டுதான். திருத்திட்டேன்,’ என்று அனுப்பிவிட்டு, சரியாக மூடாத ஜன்னலுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.