வெர்னா விழுந்த படிக்கட்டு

கோவர் தெருவில் எங்கள் சினிமா ஸ்டுடியோவுக்கு உருப்படியான சுவர் ஒன்றே ஒன்றுதான். காலையில் அது போலீஸ் நிலையம். மத்தியானம் பெயின்ட் காய்வதற்குள் கொலைகாரன் அறை. யுத்த காலம், மரப்பலகை கிடைக்காது. வாரத்துக்கு ஒரு துப்பாக்கிப் படம் எடுத்துத் தள்ளுவோம். நான் விளக்குத் தூக்குகிறவன். நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு போனபின் இங்கே வந்தேன். பாரம் இங்கேயும் என்னை விடவில்லை.

அந்தப் படத்தின் கதாநாயகி வெர்னா லின்டால். புருஷன் பசிபிக் கடலில் போர்க்கப்பலில் இருந்தான். முதல் நாள் காலையில் மேலங்கியின் பெல்ட் அவளுக்கு எட்டவில்லை. கேமராக்காரர் ஓட்மாரையும் என்னையும் சுவருக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"அஞ்சாவது மாசம். கெஸ்லருக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வேற ஆளைப் போட்டுடுவார். இப்பதான் எனக்குன்னு ஒரு பெரிய வேஷம் வந்திருக்கு. எப்படியாவது மறைச்சுக் குடுங்க."

கெஸ்லர்தான் முதலாளி. அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

ஓட்மார் வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர், பேச்சு குறைவு. அவளை ஜன்னலருகே நிறுத்தி, பட்டை பட்டையாகக் கோத்த ஜன்னல் திரை வழியாக விளக்கை அடிக்கச் சொன்னார். கோடு கோடாக நிழல் விழுந்தது. பார்க்க அழகுதான். ஆனால் மார்புக்குக் கீழே வந்ததும் கோடெல்லாம் வளைந்து, பூசணிக்காய்க்கு வரி போட்ட மாதிரி வயிற்றைக் காட்டிக்கொடுத்தது.

"இதுக்கு ஒலிபெருக்கி வெச்சே சொல்லிடலாம்," என்றாள் வெர்னா.

"ஸ்டான்கோ, கீழ் விளக்கை அணை," என்றார் ஓட்மார். அணைத்தேன். "அந்தப் பக்கத்தையும்." அணைத்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரே விளக்கு. முகத்தில் இரண்டு கோடு, தாடைக்குக் கீழே சுரங்க இருட்டு. சுவர் ஒன்றுதான் என்கிற விஷயமும் அதோடு மறைந்துபோனது.

மறுநாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார் கெஸ்லர். வெர்னா மேலங்கியை மடியில் குவித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்ப்பா ஓட்மார், தலை மட்டும்தான் தெரியுது. முழுப் பொம்பளைக்குத்தானே நான் சம்பளம் குடுக்கறேன்?"

"இருட்டா இருந்தாத்தான் பயம் வரும், முதலாளி."

"கரன்ட் செலவு?"

"பாதிதான்."

கெஸ்லர் சுருட்டைக் கடித்தபடி யோசித்தார். "அப்ப இன்னும் கொஞ்சம் பயமா எடு."

மிச்சமிருந்தது கடைசிக் காட்சி. குண்டடிபட்டு அவள் படிக்கட்டில் உருண்டு விழ வேண்டும். அது இல்லாமல் படம் வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். வெர்னா படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை வயிற்றின் மேல் இருந்தது.

"விழமாட்டேன்னா ஏன்னு கேப்பாரு," என்றாள். "விழவும் முடியாது."

ஓட்மார் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ விழ வேண்டாம். உன் நிழல் விழட்டும். மேலங்கியைக் கழட்டி ஸ்டான்கோகிட்ட குடு."

"இவர் தோளைப் பாருங்க. என்னை மாதிரி ரெண்டு பேர் இருக்கார்."

"நீங்களும் இப்ப ரெண்டு பேர்தானேம்மா," என்றேன்.

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அவள் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, இறுகின மேலங்கியோடு மேல்படியிலிருந்து உருண்டேன். கேமரா சுவரில் விழுந்த என் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்மார் தலையாட்டினார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

படம் கொட்டகைக்கு வந்தபோது வெர்னா கைக்குழந்தையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் குளிர்காலத்தில்தான் நான் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். திரையில் வந்த முதல் பெயரை, அது மறைவதற்குள், முழுசாகப் படித்துவிட்டேன். வெர்னா லின்டால்.

படிக்கட்டுக் காட்சியில் கொட்டகையே அடங்கிப்போனது. எனக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், பூ மாதிரி விழறா பாருங்க."

"ஆமாம்மா," என்றேன். "இடுப்பு இன்னும் வலிக்குது."

வெர்னா குழந்தையின் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.