ருசி பார்க்காத சமையற்காரர்

கொலைகாரனை மாற்றியிருக்கக் கூடாது. கொச்சி மட்டாஞ்சேரித் தகரக் கொட்டகையில் மாட்டினி முடிந்து வெளியே வந்த அப்பு ஐயர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். 'பாயசக் கிண்ணம்' பழைய படம் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அதில் ஜமீன்தாருக்குப் பாயசத்தில் விஷம் வைத்தவன் அவருடைய மைத்துனன். இது ஊரறிந்த சங்கதி. 1962இல் அதே கதையைப் புதிதாக எடுத்த புண்ணியவான்கள், ஜனங்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கொலையைத் தூக்கி வீட்டுச் சமையற்காரன் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் எப்படி? கடைசியில் போலீஸ்காரர் விரலை நீட்டிக் கேட்கிறார்: "இருபது வருஷமாகச் சமைக்கிறாய். சமைத்ததை ஒரு நாளாவது ருசி பார்த்தாயா?" சமையற்காரன் முகம் வெளுக்கிறது. கொட்டகையே கைதட்டியது.

அப்பு ஐயர் தட்டவில்லை. எப்படித் தட்டுவார்? மட்டாஞ்சேரியில் பாலக்காட்டுத் தமிழ் பிராமணர் வீடுகளில் கல்யாணமோ பூணூலோ எது நடந்தாலும் சமையல் அவர்தான். விசேஷச் சமையல் முதலில் ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் சமைக்கிறவன் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் அத்தனையும் எச்சில். உப்பை அவர் வாசனையில் அறிவார். பாயசப் பதத்தைக் கொதி வெடிக்கிற சத்தத்தில் அறிவார். படமெடுத்த மகானுபாவனுக்கு இதெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? அவனுக்குத் தெரிந்த சமையல் ஹோட்டல் சமையல்.

கொட்டகைக்கு எதிரே ராசப்பனின் சாயாக்கடை. அப்பனுடைய முனிசிபாலிடி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். படம் விட்டால் பாதிக் கூட்டம் அங்கேதான் நின்று அபிப்பிராயம் சொல்லும். சாயா ஒரு கிளாஸ், அபிப்பிராயம் ஒரு குடம்.

"பழசுல அந்த மச்சான் திருட்டு முழி முழிச்சிக்கிட்டே வருவான் சாமி. மொத சீன்லயே ஆளு மனசிலாயிரும்" என்றான் ராசப்பன். "இது அப்படியா? கடைசி வரைக்கும் எனக்குப் பிடி கிட்டலியே!"

"பாட்டு பழசுலதான் நன்னாருந்தது" என்றார் வெங்கிடேஸ்வரன். மிளகுக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. இரண்டு படத்தையும் பார்த்தவர் என்பதால் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு. "ஆனா நியாயம் இதுலயாக்கும் இருக்கு. சமைக்கறவன் வாயில வெக்கல்லேன்னா சம்சயப்படத்தானே வேணும்?"

அப்பு ஐயருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு போயிருந்தால் கதையே இல்லை. மனுஷருக்கு நாக்கில் சனி.

"என்ன நியாயம் ஓய்? நான்கூடத்தான் முப்பது வருஷமா சமைக்கறேன். ஒரு நாள் வாயில வெச்சிருப்பேனா?"

சொன்ன பிறகுதான் பார்த்தார். ராசப்பன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கிடேஸ்வரன் மெதுவாகக் கேட்டார்: "எங்க அப்பாவோட சதாபிஷேகத்துக்கும் நீங்கதானே பால்பாயசம் வெச்சேள்?"

"ஆமாம். நாலு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"மூணாம் நாள் போயிட்டார்."

எண்பது வயசுக் கிழவர். இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டரே சொன்னார். நாலு வருஷமாக இதே வெங்கிடேஸ்வரன், 'அப்பு ஐயர் பாயசம் சாப்பிட்டுத் திருப்தியாப் போன புண்யாத்மா' என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர். இன்று விரல் மடக்கி நாள் எண்ணுகிறார்!

அதற்கப்புறம் ஊர்வாயை மூட எந்த உலைமூடி இருக்கிறது? புதுசு மேலா பழசு மேலா என்று தொடங்குகிற பேச்செல்லாம் அப்பு ஐயரிடம் வந்து முடிந்தது. காய்கறிக்காரன் எடை போட்டபடியே ஓரக்கண்ணால் பார்த்தான். கோயிலில் அவர் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திச் சிரித்தார்கள். அவரும் சும்மா இருந்தாரா? வழியில் கண்டவரையெல்லாம் நிறுத்தி நைவேத்ய நியமத்தை விளக்கினார். விளக்க விளக்க, 'மடியில் கனமில்லாதவன் எதுக்கு இத்தனை பதறணும்?' என்று கேட்டார்கள். ஒரு வாரத்தில் அவருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. யார் குனிந்து பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. பாதிக்கு மேல் அது நிஜமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் வெங்கிடேஸ்வரன் மகனுக்குப் பூணூல். இருநூறு இலை. ஒரு மாதத்துக்கு முன்பே அப்பு ஐயரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. மாற்றிவிடுவார்களோ என்று தினமும் வாசலைப் பார்த்தார், ஆள் வரவில்லை. அந்த வீடு கைவிட்டால் மற்ற வீடுகளும் கைவிடும். ஐம்பத்திரண்டு வயசில் கரண்டியைத் தவிர வேறொன்றும் பிடிக்கத் தெரியாத கை. அன்றைக்குச் சமையலில் ஒரு குற்றம் சொல்ல விடக்கூடாது என்று அவர் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு போனார்.

சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், அன்றைக்கு அமைந்தது போல் என்றைக்கும் அமைந்ததில்லை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்து வீடே மணத்தது. ஆனால் காலையிலிருந்தே அடுக்களை வாசலில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நின்றார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள், உருளியைப் பார்த்தார்கள், போனார்கள். நைவேத்யத்துக்கு எடுக்கிற நேரம். வெங்கிடேஸ்வரனின் பெண்டாட்டி ஜெயலக்ஷ்மி கையில் ஒரு இலைத்துண்டோடு உள்ளே வந்தாள்.

"மாமா, தப்பா நெனைச்சுக்கப்படாது. தனியா ஒரு கரண்டி எடுத்து நீங்க கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கோளேன்."

"ஸ்வாமிக்கு இன்னும் ஆகல்லையே, அம்மா."

"அறியும். ஆனாலும்… கொழந்தைகள்லாம் சாப்பிடறதோல்லியோ."

அவள் குரலில் வஞ்சகம் இல்லை, பயம்தான் இருந்தது. அதுதான் அவரை உடைத்தது. அவள் பின்னால் வெங்கிடேஸ்வரன், அவர் பின்னால் பத்துத் தலைகள். ஒருவரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றால் கொலைகாரன். அப்பு ஐயர் கரண்டியை உருளிக்குள் விட்டு எடுத்தார், இலைத்துண்டில் ஊற்றினார், வாயில் போட்டுக்கொண்டார். தொண்டை சுட்டது. எல்லார் முகமும் தெளிந்ததைக் கண்ணாலேயே பார்த்தார்.

"சிவ சிவா!" என்றார் வாசற்படியில் நின்ற சாஸ்திரிகள். "நைவேத்யத்துக்கு முன்னாடியா? எச்சில் பண்ணிட்டேளே ஓய்!"

கேட்டது அவர்கள். எச்சிலாக்கியது மட்டும் இவர்! ஜெயலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். 'நான்தான் கேட்டேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அப்பு ஐயர் காத்திருந்தார். அவள் வாய் திறக்கவில்லை. ஸ்வாமிக்கு வாழைப்பழமும் வெல்லமும் வைத்து நைவேத்யம் முடித்தார்கள். விருந்தாளிகள் பிரதமன் இல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். கைகழுவுகிற இடத்தில் வெங்கிடேஸ்வரன் அவரைப் பார்க்காமலே சொன்னார்: "நாங்க ஒண்ணும் சொல்லல்லை. ஆனா தை மாசம் எங்க பங்காளி ஆத்துக் கல்யாணத்துக்கு அவா பாலக்காட்டிலேருந்து ஆளைக் கூப்பிடறாளாம். அந்தப் பிரதமனை நீங்களே எடுத்துண்டு போங்கோ."

அப்பு ஐயர் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு நடந்தார். பட்டப்பகல் வெயில். வழியெல்லாம் மிளகு காயப்போட்டிருந்தார்கள். வீட்டில் பெண்டாட்டி விசாலாக்ஷியிடம் நடந்தது முழுவதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அழுதேவிட்டார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். இலை போட்டாள். தூக்கைத் திறந்து பிரதமனை அவர் இலையில் ஊற்றினாள்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்கோ."

இருபத்தாறு வருஷமாகத் தினம் சொல்கிற வார்த்தை. புருஷன் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அது அவள் வளர்ந்த வழக்கம். இன்றைக்கு அந்த வார்த்தை அவர் காதில் வேறாக விழுந்தது. கை இலைக்குப் போகவில்லை.

"விசாலம், நீயும் அந்தப் படம் பாத்தயா?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். "வியாழக்கிழமை. அடுத்தாத்துக்காரா கூப்பிட்டா, போனேன்."

"எப்படி இருந்தது?"

"படந்தானே" என்றாள். "பழசே தேவலை."

இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் அவள் என்ன கண்டாளோ, சட்டென்று எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாவது ஒன்றாவது என்று அவர் இலையிலிருந்தே ஒரு கை அள்ளினாள். அப்பு ஐயருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஊர் என்ன சொன்னால் என்ன, இவள் இருக்கிறாளே, அது போதாதா? எழுந்து அவள் காலில் விழலாமா என்றுகூட இருந்தது.

அவள் அதை வாயருகே கொண்டுபோனாள். கஷாயம் குடிக்கிறவர்களைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்புறம் விழுங்கினாள்.

"நன்னாருக்கு" என்றாள்.

அப்பு ஐயர் தலையாட்டினார்.