தூங்குமூஞ்சி டாட் காம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பிறவியிலேயே இமைகள் பாதி மூடியிருக்கும். ஆள் என்னவோ படு சுறுசுறுப்பு. நாலு மாடி ஏறிப்போய், மூச்சுக்கூட வாங்காமல் ஃப்ரிட்ஜைத் தனியாளாகப் புரட்டிப் போடுவார். என்ன செய்து என்ன, தெருவில் அவருக்கு ஒரே பெயர்தான்: தூங்குமூஞ்சி. நேருக்கு நேர் யாராவது அப்படிக் கூப்பிட்டுவிட்டால் கை தானாக ஸ்பேனரைத் தேடும்.

அதனால்தான் அவருடைய மைத்துனன் கடைக்கு வெப்சைட் போட்டபோது அதன் முகவரியை மட்டும் அவரிடம் காட்டவில்லை. குட்டு வெளிப்பட்டது வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்கு.

"தூங்குமூஞ்சி டாட் காமா? ஏண்டா?"

"உங்க நெஜப் பேரை யாரு மாமா தேடுறாங்க?"

நோட்டீஸ் அனுப்பியது 'தூங்குமூஞ்சி' என்ற பெயரில் மெத்தை விற்கும் கம்பெனி. முகவரியைத் தங்களுக்கு மாற்றித் தர வேண்டுமாம்.

"குடுத்துத் தொலைடா. சனியன் விட்டுதுன்னு இருப்போம்" என்ற மெக்கானிக், அடுத்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இப்பெயருக்கும் உங்களுக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை.'

"சம்பந்தமில்லையா? நாப்பது வருஷமா சுமக்கிறேன்டா! அவன் நேத்து மொளச்ச மெத்தைக்காரன்!"

வெப்சைட் முகவரித் தகராறுக்கான விதிகளை மைத்துனன் படித்துச் சொன்னான். ஊரே தன்னை அந்தப் பெயரால்தான் அறியும் என்று நிரூபித்தால் போதும், முகவரி அவருக்கே.

மறுநாளே மெக்கானிக் காகிதமும் பேனாவுமாகக் கிளம்பினார். முதல் வீட்டு அம்மாவிடம், "என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றார்.

"ஐயோ, மெக்கானிக் சார்னுதான்!"

"பொய் சொல்லாதீங்கம்மா. தைரியமா சொல்லுங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் நம்பாமல் ஷட்டரை இறக்கிவிட்டு, அடியில் இருந்த சந்து வழியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அறுபத்துமூன்று கையெழுத்து சேர்ந்தது. அறுபத்துநாலாவது, கேட்காமலே வந்த மனைவியின் கையெழுத்து.

"நீயுமா?"

"நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லீங்க. போன்லதான் உங்க நம்பரை அப்படிப் போட்டு வெச்சிருக்கேன்."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் போன் திரையைப் படம் பிடித்து ஆதாரத்தோடு சேர்த்துக்கொண்டார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. நடுவர் அம்மா வந்ததுமே, "அவர் தூங்குறார் போலிருக்கே, யாராவது எழுப்புங்க" என்றார்.

"முழிச்சுட்டுதான் இருக்கேம்மா. மூஞ்சியே இதுதான்."

நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் மேஜையைத் தட்டித் தட்டி வாதாடினார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மைக்கைப் போட அவர் மறந்திருந்தார். "சார், மைக்கு... மைக்கு..." என்று மெக்கானிக் கையை ஆட்டினார். வக்கீல் முறைத்தார். மெக்கானிக் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். வக்கீல் தட்டிய தட்டில் விரல் எங்கே பட்டதோ, மைக் உயிர் பெற்றது.

"குறுக்கே ஆடாம உக்காருய்யா, தூங்குமூஞ்சி!"

எல்லாருடைய காதிலும் கணீரென்று விழுந்தது.

"வக்கீல் சார்," என்றார் நடுவர் மெதுவாக, "இவரை இப்ப என்னன்னு கூப்பிட்டீங்க?"

முகவரி மெக்கானிக்குக்கே என்று பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு மெத்தை கேட்டுத் தினமும் நாலு பேராவது அவருக்குப் போன் செய்கிறார்கள். அவர் கோபப்படுவதில்லை.

"மெத்தை இல்லீங்க. ஃப்ரிட்ஜ் நல்லா குளிருதா?" என்று விசாரிக்கிறார். வாரத்துக்கு இரண்டு பேராவது, இல்லை என்கிறார்கள்.