இரண்டடி தள்ளிப்போன படம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சென்னையில சாஃப்ட்வேர் வேலைங்கிற திமிர் வேற. இல்லாட்டி முந்தாநாள் பால் சொசைட்டி வாசல்ல அத்தனை பேர் நிக்கும்போது, "சாரங்கபாணி மாமா அண்டை வெட்டுற சாக்குல எங்க வரப்பைச் சுரண்டிட்டார்"னு சொல்லுவேனா?

மாமான்னா சொந்தமில்ல. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்க வயலுக்கு அடுத்த வயல்காரர். நடவுக்கு முன்னாடி வரப்போரத்தை மண்வெட்டியால செதுக்கிச் சேறு பூசுவோம், அதுதான் அண்டை வெட்டு. அப்போ பக்கத்து வயல்காரன் ஒரு பிடி கூடச் செதுக்கிட்டான்னு சந்தேகப்படாதவன் எங்க பக்கம் எவனும் இல்ல.

நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தேன். சாட்டிலைட் படத்துமேல பழைய சர்வே படத்தை மவுஸால இழுத்துப் பொருத்தணும். அப்பாவோட விண்டோஸ் கம்ப்யூட்டர்ல பொருத்தினப்போ, வரப்பு எங்க பக்கம் இரண்டடி நகர்ந்திருக்குன்னு காட்டுச்சு. "பாணி அப்படிச் செய்யற ஆள் இல்லடா"ன்னார் அப்பா. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா"ன்னுட்டு நேரா சொசைட்டிக்குப் போனேன்.

இன்னிக்குக் காலையில அதே சர்வே படத்தை என் மேக் லேப்டாப்ல பொருத்தினேன். எல்லைக்கோடு கச்சிதமா வரப்புமேல உக்காந்துச்சு. உடனே நான் எழுதின புரோகிராமைத் திறந்து பார்த்தேன். இழுக்கும்போது, மேக்ல மவுஸ் அம்பு திரையோரத்துல நின்னா படமும் நின்னுடும். விண்டோஸ்ல அம்பு நின்ன பிறகும் என் கை போன தூரமெல்லாம் படமும் போயிருக்கு; அந்த இரண்டடியை நான் கவனிக்கல. ஓரம் தாண்டினா நிறுத்துன்னு நான் எழுதவே இல்ல. மேக்ல மட்டும் சோதிச்சுப் பார்த்த சோம்பேறி நான். வெட்கம் பிடுங்கித் தின்னுது. அப்பாகிட்ட முகம் காட்டாம வயலுக்கு ஓடினேன்.

மாமா முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டிருந்தார். பச்சை பிடிச்ச நடவைப் பிடுங்கி ஓரமா வெச்சுட்டு, அவர் வயலுக்குள்ள இரண்டடி தள்ளிப் புது வரப்பு போட்டுக்கிட்டிருந்தார்.

"ஐயோ, என்ன மாமா பண்றீங்க!"

"உங்க இடத்தை விட்டுடறேன் தம்பி. வேணும்னு செய்யல. வயசாயிடுச்சா, கை கொஞ்சம் கூடப் போயிருக்கும்போல. அப்பாகிட்ட சொல்லிடு." அவர் என் முகத்தைப் பார்க்கல.

அப்படியே சேத்துல இறங்கி மண்வெட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். "மாமா, தப்பு என்னுது. என் சாஃப்ட்வேர்தான் படத்தைத் தள்ளி வெச்சிடுச்சு. வரப்பு இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்துச்சு. சொசைட்டி வாசல்லயே வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்."

நாலு வார்த்தை திட்டுவார்னு நின்னேன். அறைஞ்சிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சார். ரொம்ப நேரம் துடைச்சார்.

"அப்ப நான் திருடலையா, தம்பி?"