பழுப்புக் குட்டியின் தகப்பன்

முயல் கண்காட்சியில், கூண்டில் எண் அட்டையை மாட்டிக்கொண்டிருந்த க்ளெனிஸின் பின்னால் நெவில் ஹார்கின் வந்து நின்றார். முயல் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். மூச்சு விடுகிற விதத்திலேயே ஆள் கொதித்துப்போயிருப்பது தெரிந்தது.

"இதை வண்டிக்கே திருப்பிக் கொண்டுபோயிடு. இன்னும் யாரும் பார்க்கலை."

"பார்க்கத்தானே கொண்டுவந்தேன்."

உள்ளே பழுப்பு முயல் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. தாய் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. பன்னிரண்டு வருஷமாக அவள் கொட்டகையில் கறுப்பைத் தவிர வேறு நிறம் பிறந்ததில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பிறந்த ஐந்தாம் நாள் குட்டிக்கு மயிர் அரும்பி நிறம் தெரியவரும். அன்று காலை பெட்டியைத் திறந்து, ஒவ்வாத நிறத்தைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் எழுதுவது ஆஸ்திரேலியாவின் பாலரட் ஊர்ப் பக்கத்து முயல்காரர்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். க்ளெனிஸும் இரண்டு முறை செய்திருக்கிறாள். மூன்றாம் முறை, கண் திறக்காத பழுப்புக் குட்டியொன்று அவள் விரலைப் பிடித்துச் சப்பியது. வாளித் தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றிவிட்டாள்.

"உன் வேலியில ஓட்டை. காட்டு முயல் புகுந்துடுச்சு," என்றார் நெவில். "சங்கத்துல அப்படித்தான் சொல்லுவேன். அப்புறம் உன் குட்டியை ஒருத்தன் தொடமாட்டான். பன்னிரண்டு வருஷப் பேரு போயிடும், அம்மணி."

"காட்டு முயல்னா அத்தனையும் காட்டு நிறத்துலதானே பொறந்திருக்கும், மயிர் அடியில சாம்பலா, மேல பட்டை பட்டையா? எனக்கு ஆறு கறுப்பு, ரெண்டு பழுப்பு." அவள் திரும்பவில்லை, அட்டையின் கம்பியை முறுக்கினாள். "பழுப்பு ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வராது, நெவில். தாயும் ஒளிச்சு வெச்சிருக்கணும், தகப்பனும் ஒளிச்சு வெச்சிருக்கணும். என் பக்கத்துப் பாதியை நான் ஒத்துக்கறேன். மீதிப் பாதி யாரோடது?"

தகப்பன் டியூக். நெவிலின் முயல். மூன்று வருஷமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதது.

"டியூக்கை இதுல இழுக்காத. என் கொட்டகையில ஒரு பழுப்பு பொறந்ததில்லை."

"உன் வாளி எவ்வளவு பெருசு?"

பக்கத்துக் கூண்டுக்காரி கையிலிருந்த இறைச்சி பஃப்ஸைக் கடிக்க மறந்தாள். நெவிலின் காது மடல்கள் சிவந்தன.

நடுவர் எண்ணைக் கூப்பிட்டாள். க்ளெனிஸ் அட்டையைக் கழற்றி எடுத்து, முயலை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைக் கடந்து நடந்தாள். அதன் இதயம் அவள் சட்டைக்குள் படபடத்தது, அவளுடையதும்தான். கம்பளம் விரித்த மேசையில் அதை இறக்கிவைத்தாள். அட்டையைப் பக்கத்தில் வைத்தாள்.

"கறுப்பு இனத்துல பழுப்பா?" நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "தகப்பன் யாரு?"

"அட்டையில எழுதியிருக்கேன். சத்தமாப் படிங்க."

நடுவர் அட்டையை எடுத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒருமுறை நெவில் நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு அட்டையை வைத்துவிட்டு, எல்லா முயலுக்கும் செய்வதைப்போலவே குனிந்து, முதுகு மயிரில் ஊதினாள். மயிர் வட்டமாக விரிந்துகொண்டே போனது. தோல்வரைக்கும் ஒரே பழுப்பு, சாம்பல் ஒரு இழைகூட இல்லை.