எந்த நேரத்தில் ஏறுவது

மூன்று நாட்களாக அனுப்பிரியா ஒரே கேள்வியைத்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். பங்குனியில் அப்பாவும் அம்மாவும் துபாய்க்கு வரும்போது புர்ஜ் கலீஃபாவின் உச்சித் தளத்துக்கு எந்த நேரத்தில் போவது? நேரம் குறித்துத்தான் டிக்கெட் கொடுப்பார்களாம்.

"சாயங்காலம் போனா பகலையும் பாக்கலாம், லைட்டு போட்ட பிறகும் பாக்கலாம்மா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

காசிமாயன் மனைவி கற்பகத்திடமிருந்து போனை வாங்கினார். "காலையில போடு ஆத்தா. உசரத்துல நின்னு கீழ பாக்கணும்னா காலையிலதான். மத்தியானத்துக்கு மேல மஞ்சு ஏறி மலைய மூடிரும்."

"அப்பா, இது நம்ம போடிமெட்டு மலை இல்ல. பாலைவனம்."

"மஞ்சுகிட்ட பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க?"

மகள் சிரித்தாள். கற்பகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சாயங்காலத்தை வேண்டாம் என்பதற்கு மஞ்சு காரணமில்லை. கண்ணில் அழுத்தம், ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது என்று மதுரை டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. பிள்ளையிடம் சொல்லாதே, வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று காசிமாயன் அவளிடம் கேட்டுக்கொண்டார். பொழுது சாய்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பகலில் எவ்வளவு தெரிகிறது என்று கற்பகம் கேட்டதே இல்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும். பிறகு அதோடுதான் குடியிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பார்வையில் மகள் காட்ட நினைப்பதை அவர் பார்த்துவிட்டால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலைமேல் அவர்களுடைய ஏலக்காய்த் தோட்டத்தில் கடைசிப் பறிப்பு. டிரைவர் மகாராஜனின் ஜீப்பில் மலையேறினார்கள். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில், இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற அவன் வண்டியை நிறுத்தினான்.

"இறங்கு கற்பகம். காலையில பாத்தா எப்பிடி இருக்கும்னு காட்டுறேன். அப்புறம் நீயே பிள்ளைகிட்டச் சொல்லு."

தடுப்புச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போய் நின்றார். முகத்தில் நல்ல வெயில். கையை நீட்டினார்.

"அந்தா முந்தல் செக்போஸ்ட்டு. அதுக்கு அங்கிட்டு மாந்தோப்பு. ரயில் தண்டவாளம் கோடு போட்டாப்புல கெடக்கு பாரு. பரமசிவன் மலைக் கோயிலு பளிச்சுன்னு இருக்குல்ல?"

கீழே எதுவுமே இல்லை. அவர்கள் நின்ற உயரத்தில் வானம் தெளிந்திருந்தது. ஆனால் காலுக்குக் கீழிருந்து தேவாரம் ஊர்ப் பக்கம்வரை வெள்ளை மேகம் மூடிக்கிடந்தது. சாலையின் அடுத்த வளைவுகூடத் தெரியவில்லை. தை மாதத்தில் இவ்வளவு வெயில் ஏறிவிட்டால் அடிவாரம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும். பிறந்ததிலிருந்து அவர் அறிந்த கணக்கு அது. முகத்தில் பட்ட வெயிலை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்க் கேனோடு வந்த மகாராஜன் சிரித்தான். "என்னண்ணே, ஊரே..."

கற்பகம் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் காசிமாயனின் நீட்டிய விரலைப் பார்த்தான், அது காட்டிய திசையைப் பார்த்தான். பிறகு குனிந்து தண்ணீர் ஊற்றப் போனான்.

"தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"கோயிலு?"

"அதுவுந்தான்."

அழுகை வரும் என்று நினைத்தாள். முதலில் வந்தது கோபம். பொங்கலுக்கு எடுத்த சேலையைப் பார்த்து, கலரு உனக்கு எடுப்பா இருக்கு என்றாரே. இன்று காலையில்கூட முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினாரே. எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? எத்தனை நாளாக? அவர் நீட்டிய கை இன்னும் இறங்காமல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், அவர் தனியாக அந்த இருட்டுக்குள் போயிருக்கிறார். அவள் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

"போவமா? சோலி கெடக்கு," என்று அவர் கையைப் பிடித்தாள். வழக்கமாக உதறிவிடுகிறவர் அன்று உதறவில்லை.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்றபோது அனுப்பிரியா மறுபடி கூப்பிட்டாள்.

"காலையா, சாயங்காலமா? முடிவா சொல்லுங்கம்மா."

"கூட்டம் இல்லாத நேரம் எது?"

"நடு மத்தியானம். ஆனா வெயில்ல தூரத்துல எல்லாம் கலங்கலாத்தான் தெரியும். யாரும் அப்பப் போக மாட்டாங்க."

"அதுக்கே போடு."

"இவ்ளோ தூரம் வந்துட்டு எதுக்கும்மா?"

"இடிபடாம, அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு நிதானமா சுத்தி வரணும்."

"ஓகோ, கையப் பிடிச்சுக்கிட்டா? அப்பாவுக்கு இந்த வயசுல வந்த யோகத்தப் பாருங்க."

அவள் சிரித்து முடிக்கும்வரை கற்பகம் காத்திருந்தாள். மேட்டுக்குக் கீழே காசிமாயன் ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று, பறிப்புக்கு வந்த பெண்களை வெரசாப் பறிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தி திருப்பி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க மேல நின்னா என்னென்ன தெரியும்? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"வந்து பாக்கத்தான போறீங்க?"

"இப்பவே சொல்லு ஆத்தா."

அனுப்பிரியா சொல்ல ஆரம்பித்தாள். கீழே தண்ணீர் ஆடுகிற குளம், தீப்பெட்டி மாதிரிக் கார்கள், பெரிய ரோடு, அதைத் தாண்டிக் கடல். ஒவ்வொன்றையும் அவருக்குச் சொல்லிக்காட்டுவதுபோல் கற்பகம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"கடலு எந்தக் கைப் பக்கம் வரும்?" என்று கேட்டாள் கற்பகம்.