லேப்டாப்பின் நெற்றி

மைசூரு விஜயநகரின் அந்தக் குறுக்குத் தெருவில் யார் வீட்டில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் மாணிக்கவாசகத்துக்குத்தான் ஆள் வரும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநான்கு வருஷம் என்ஜின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். கூப்பிட்ட குரலுக்கு ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பார். மெஷின் சரியாகிறதோ இல்லையோ, அது ஏன் கெட்டது என்பதற்கு ஒரு காரணம் நிச்சயம் கிடைக்கும். அந்தக் காரணத்தை அவர் சொல்லும் குரல் இருக்கிறதே, அதற்கு மறுபேச்சு பேசும் துணிச்சல் அந்தத் தெருவில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அவருடைய சித்தாந்தம் ஒன்றே ஒன்றுதான். ஓடிய மெஷின் ஓய்வெடுக்க வேண்டும். ஓடி வந்த என்ஜினை ஷெட்டுக்கு அனுப்புகிறோம் அல்லவா, மற்றதெல்லாம் அப்படித்தான். ஆகவே ஒன்பதரை அடித்தால் வீட்டு வைஃபை தூங்கப் போய்விடும். டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது அரைத் தூக்கம், ஸ்விட்சில் அணைத்தால்தான் முழுத் தூக்கம். சார்ஜ் ஏறி முடிந்த போனை உடனே எடுத்துப் பேசக் கூடாது, சூடாக ஏறிய கரண்ட் ஆறி அடியில் படியப் பத்து நிமிஷமாவது ஆகும். "மெஷினுக்கெல்லாம் ரெஸ்ட் குடுக்கறாரு, எனக்குத்தான் குடுக்க மாட்டேங்கறாரு" என்று அவர் மனைவி சொர்ணலதா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

மகன் முரளிதரன் எதிர்க்கட்சி. எது நின்றுபோனாலும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது அவன் கொள்கை. ஒருமுறை அவன் போன் பக்கெட்டுத் தண்ணீரில் விழுந்தது. மூன்று நாள் அதை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தான். போன் பிழைக்கவில்லை, அதன் ஓட்டையிலெல்லாம் குருணை அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். இன்றைக்கும் யார் போன் நனைந்தாலும் அதே வைத்தியத்தைத்தான் சொல்கிறான்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தவள் மருமகள் ஸ்ரீதேவி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஐந்து வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவள். மகள் ஸ்மிதா பிறந்ததும் விட்டாள், ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் மெஷின்களைப் பற்றி முறையாகப் படித்தது அவள் ஒருத்திதான், அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காக மாமனாருக்கு அவள்மேல் மதிப்பில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, "எங்க மருமக எலக்ட்ரானிக்ஸாக்கும்" என்று மார்தட்டுகிறவர் அவர்தான். பெருமைப்படுவது வேறு, யோசனை கேட்பது வேறு என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

இரண்டு வருஷமாக ஸ்ரீதேவி வேலை தேடிக்கொண்டிருந்தாள். பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டாள். எல்லா இடத்திலும், "நடுவில் ஒன்பது வருஷம் என்ன செய்தீர்கள்?" என்றுதான் முதல் கேள்வி. "வீட்டில் இருந்தேன்" என்றதும் அந்தப் பக்கம் குரல் மாறிவிடும். பன்னிரண்டாவதாகத்தான் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று கடைசிச் சுற்று வரைக்கும் கூப்பிட்டது. தமிழிலும் கன்னடத்திலும் வாடிக்கையாளர்களுக்குப் போனில் வீட்டுச் சாமான்களைப் பற்றி விளக்கம் சொல்லும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். நேர்காணல் வீடியோவில். லேப்டாப்பில்தான் வரவேண்டும், போனில் அந்த லிங்க் திறக்காது என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். நாள்தான் கொஞ்சம் ஏடாகூடம். விஜயதசமி, காலை பத்து மணி. மைசூரில் தசரா யானை ஊர்வலம் போகும் நாள், சிங்கப்பூர்க்காரனுக்கு ஜம்பூ சவாரியாவது ஒன்றாவது!

"இதுவும் போச்சுன்னா இனிமே எங்கயும் போட மாட்டேன் அத்தை" என்று அவள் சொர்ணலதாவிடம் சொன்னது மாணிக்கவாசகத்தின் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அதனால்தான் முதல் நாள் ஆயுத பூஜையை அவர் அத்தனை பிரமாதமாகச் செய்தார். கல்லில் சந்தனம் தானே அரைத்தார். ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், வைஃபை பெட்டி, அயர்ன் பாக்ஸ் என்று ஒன்று விடாமல் துடைத்து, நெற்றியைத் தேடிப் பொட்டு வைத்தார். மெஷினுக்கு நெற்றி எங்கே என்று கேட்கக் கூடாது. பார்த்தால் தெரியும் என்பார். மிக்ஸிக்குத் திருகுக்கு மேலே, ஃப்ரிட்ஜுக்குக் கம்பெனிப் பெயருக்கு மேலே. லேப்டாப்பைத் திறந்து பார்த்ததும் அசந்துபோனார். திரைக்கு மேலே நட்டநடுவில், புருவமத்தியில் வைத்த மாதிரி குழிவாக ஒரு சின்னத் துவாரம்! செய்தவனே பொட்டுக்கு இடம் விட்டுத்தான் செய்திருக்கிறான் என்று மெய்சிலிர்த்துப் போயிற்று. மற்றவற்றுக்கெல்லாம் மோதிர விரலால் வைத்தவர், லேப்டாப்புக்கு மட்டும் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி அப்பினார். நடுவில் குங்குமம். "சாமுண்டி தாயே, எங்க ஸ்ரீதேவிக்கு இது கெடைக்கணும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபூஜை முடிந்தது. ஸ்மிதாவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவள் அத்தை வீட்டுக்கு ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. ஸ்ரீதேவி பச்சைப் பட்டுப் புடவையில் வந்தாள். லேப்டாப்பைத் திறந்து, திரைக்கு மேலே காய்ந்திருந்த சந்தனத்தைத் துணியால் அவசரமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கேமராவைப் போட்டாள்.

திரையில் அவள் முகம் இல்லை. மஞ்சளாக ஒரு மூட்டம், நடுவில் சிவப்பாக ஒரு கலங்கல். அவ்வளவுதான்.

"என்னாச்சு?" என்று ஓடிவந்த முரளிதரன், "ரீஸ்டார்ட் பண்ணு" என்றான். பண்ணினாள். மூட்டம் போகவில்லை. இன்னொரு தரம் பண்ணச் சொன்னான். சத்தம் கேட்டு எதிர் வீட்டு நஞ்சுண்டசாமி, "ஏனாய்த்து சார், ஏனாய்த்து?" என்று அதையே கன்னடத்தில் கேட்டபடி வந்துவிட்டார். மாநகராட்சியில் ரிட்டயரானவர், எதற்கும் ஒரு அபிப்பிராயம் உள்ளவர்.

"இது வைரஸ்தான் சார், கேரண்டி" என்றார் திரையைப் பார்த்து. "மஞ்சள் கலர் வந்தா வைரஸ். நம்ம பாவா, அதான் மச்சான், அவர் வீட்லயும் இப்படித்தான் வந்துச்சு."

"வைரஸ் இல்ல அங்கிள், நெட் வீக்கு. இன்னிக்கு ஊரே ஜம்பூ சவாரியை வீடியோ எடுக்குது, எல்லா சிக்னலும் அந்தப் பக்கம் போயிருக்கும்" என்றான் முரளிதரன்.

ஸ்ரீதேவி செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டிருந்தாள். எதையோ அழித்தாள், எதையோ மறுபடி ஏற்றினாள். ஒன்பதே முக்கால். கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடலாமென்றால் விஜயதசமியன்று மைசூரில் எந்தக் கடைக்காரன் ஷட்டரைத் தூக்குவான்?

மாணிக்கவாசகம், "ரெஸ்ட் இல்லாம வேலை வாங்கினா இப்படித்தான்" என்று ஆரம்பித்தபடி குனிந்து திரையைப் பார்த்தார். அந்த மஞ்சள் அவருக்குத் தெரிந்த மஞ்சள். நேற்று அரை மணி நேரம் கல்லில் தேய்த்த மஞ்சள். நடுவில் இருந்த சிவப்பும் தெரிந்த சிவப்புதான். கண்ணை மெல்ல மேலே தூக்கினார். திரைக்கு மேலே, புருவமத்தியில், அந்தக் குழிக்குள் சந்தனம் கெட்டியாக உறைந்து கிடந்தது. அப்படியானால் அது நெற்றி இல்லை, கண். ஐயோ, கண்ணில் போய் அப்பியிருக்கிறோமே என்று பதறினார்.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனைக்கு அவரிடம் என்றைக்குப் பஞ்சம்? "அஞ்சு நிமிஷம் இதுக்கு ரெஸ்ட் குடுங்க" என்று சொல்லி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போக வேண்டியது. வேட்டி நுனியால் ஒரு துடை. கொண்டுவந்து வைத்தால் படம் பளிச்சென்று தெரியும். யாருக்கும் எதுவும் தெரியாது. அதோடு, ஓய்வு கொடுத்தால் மெஷின் சரியாகும் என்பதை நஞ்சுண்டசாமி கண்ணெதிரிலேயே நிரூபித்த மாதிரியும் ஆகும். திட்டம் அப்படி அழகாக இருந்தது. கையைக்கூட நீட்டிவிட்டார்.

"விடுங்க மாமா" என்றாள் ஸ்ரீதேவி. குரல் உடைந்திருந்தது. "தப்பு என்னோடதுதான். முந்தாநாள் ஒரு அப்டேட் போட்டேன், அதுலதான் ஏதோ ஆயிருக்கு. ஒன்பது வருஷமா தொடாம இருந்துட்டு இப்ப தெரிஞ்ச மாதிரி பண்ணினா இப்படித்தான். எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. கம்பெனிக்காரங்க கேக்கறதுல என்ன தப்பு இருக்கு?"

நீட்டிய கை அப்படியே நின்றது. மகன் நிற்கிறான், மனைவி நிற்கிறாள், நாளைக்குத் தெரு முழுக்கச் சொல்லப்போகிற நஞ்சுண்டசாமி வேறு நிற்கிறார். மாணிக்கவாசகம் அந்தக் கையை இழுத்துக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணும் மறக்கலம்மா" என்றார். "வைரஸுமில்ல, நெட்டுமில்ல. நான்தான். நேத்து பொட்டு வெச்சேன் பாரு, அந்த ஓட்டைக்குள்ள நல்லா அப்பிட்டேன். அதுதான் கேமரான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதும்மா."

அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் அதுவரை வந்ததே இல்லை. அதுவும் ஒரே மூச்சில் இரண்டு தரம். சொர்ணலதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீதேவி லேப்டாப்பைத் தன் பக்கம் சாய்த்து அந்தக் குழியைப் பார்த்தாள், மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீரோடு இருந்தவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சுண்டசாமி தரையில் உட்கார்ந்தே சிரித்தார்.

"காது குடையற பட்ஸ் எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!" என்றாள் ஸ்ரீதேவி. முரளிதரன் ஓடினான். நுனியை லேசாக நனைத்து, ஊசி கோக்கிற கவனத்தோடு அவள் சந்தனத்தை எடுத்தாள். திரையில் மஞ்சள் மூட்டம் விலகி, பச்சைப் பட்டில் சிரித்த முகமாக அவளே வந்து நின்றாள். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

ஸ்ரீதேவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்கள் அடுப்படிப் பக்கம் போனார்கள். மாணிக்கவாசகம் பேப்பரை விரித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பர் தலைகீழாக இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, அவரும்தான்.

உள்ளே சௌம்யா என்ற அதிகாரியின் குரல் தமிழில் கேட்டது. "நான் ஒரு கஸ்டமர்னு வெச்சுக்கங்க. உங்க ஃப்ரிட்ஜ்ல பால் திரிஞ்சு போகுதுன்னு சண்டை போடறேன். தினமும் ராத்திரி ரெஸ்ட்டுக்காக அணைச்சு வெக்கறேன். நாப்பது வருஷமா மெஷின் பார்த்தவன், எனக்கே நீ சொல்லித் தரியா?"

மாணிக்கவாசகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பூரில்கூடவா இப்படி ஒருவன் இருக்கிறான்?

"நீங்க சொல்றது சரிதான் சார், மெஷினுக்கு ரெஸ்ட் வேணும்" என்றாள் ஸ்ரீதேவி நிதானமாக. "ஆனா ஃப்ரிட்ஜ் அதைத் தானாவே எடுத்துக்குதான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன். பக்கத்துல உக்காந்து காதைக் குடுங்க. கொர்ருனு ஓடும், அப்புறம் சத்தம் நிக்கும். நிக்கற நேரமெல்லாம் ரெஸ்ட்டுதான். ஒரு மணி நேரத்துல எத்தனை நிமிஷம் ரெஸ்ட் எடுக்குதுன்னு குறிச்சு வெச்சுச் சொல்றீங்களா? எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

பேப்பர் அவர் கையிலிருந்து நழுவியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீதேவி இதே மாதிரி ஏதோ கேட்கப்போய், கைக்கடிகாரத்தோடு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து நிமிஷம் குறித்தவர் அவர். 'ஃப்ரிட்ஜுக்குத் தனியா ரெஸ்ட் தேவையில்லை' என்று கண்டுபிடித்துத் தெருவுக்கே அறிவித்தவரும் அவர்தான். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்!

சௌம்யா சிரிப்பது கேட்டது. "இப்படிப் பேச எங்க கத்துக்கிட்டீங்க? ஒன்பது வருஷம் வேலையிலயே இல்லையே."

மாணிக்கவாசகம் நாற்காலியைக் கதவோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். இந்தக் கேள்வியில்தான் பதினோரு இடம் போனது.

"வீட்ல இருந்தேன் மேடம். எங்க மாமனார் இருக்கார். மெஷினைப் பத்தி அவர் ஒண்ணு நெனச்சுட்டார்னா யாராலயும் மாத்த முடியாது. நீங்க தப்புன்னு சொன்னா அவ்வளவுதான். ஆனா கண்ணால பார்த்துட்டா, தப்புன்னா தப்புன்னு அவரே சொல்லிடுவார். இன்னிக்குக் காலையிலகூட, எனக்காக, வெளி ஆள் இருக்கறப்பவே சொன்னார். எனக்கெல்லாம் அந்த தைரியம் வராது. பிடிவாதக்காரங்க யாரும் பொய்யானவங்க இல்ல மேடம். மரியாதையா ஒரு கேள்வி கேட்டா அவங்களே பார்த்துப்பாங்க. ஒன்பது வருஷத்துல அதைத்தான் கத்துக்கிட்டேன்."

"திங்கக்கிழமை சேர முடியுமா ஸ்ரீதேவி?" என்று கேட்டது சிங்கப்பூர்.

மாணிக்கவாசகத்துக்குக் கண்ணை மறைத்தது. மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, விழுந்த பேப்பரைப் பொறுக்கி எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. ஸ்ரீதேவி வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, இங்கயேவா இருந்தீங்க? உள்ள பேசினதையெல்லாம் கேட்டுட்டீங்களா?"

"சேச்சே, இல்லம்மா. நான் பாட்டுக்குப் பேப்பர் பார்த்துட்டு..." என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டேன்மா" என்றார். "ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்."